தாமதத்துக்கு யார் தண்டம் கட்டுவது?

மாதத்தின் முதல் வாரம் அக்கரைப்பற்றில் எந்த பேங்குக்கு முன்னால் போனாலும் எட்டரை மணிக்கே ஆட்கள் கூடி நிற்பார்கள். ஓய்வூதியம் எடுக்க வந்த பழைய வாத்திமார், கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய காசு வந்துவிட்டதா என்று பார்க்க வந்த உம்மாமார், விதைப்புக் காலமென்றால் நகையை அடகு வைக்க வந்த வயல்காரர், ஆலையடிவேம்பிலிருந்தும் அட்டாளைச்சேனையிலிருந்தும் ஓட்டோ பிடித்து வந்தவர்கள். ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும். உள்ளே கவுண்டர் ஐந்தாறு இருக்கும், ஆள் இரண்டில்தான் இருக்கும். மூன்றாவதில் 'அடுத்த கவுண்டருக்குச் செல்லவும்' என்ற பலகை நிரந்தர நியமனம் பெற்று உட்கார்ந்திருக்கும்.

வரிசையில் நிற்பதுதான் குறை என்றால் இதை எழுதவே வேண்டியதில்லை. 2022 இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் இரவு பகலாக நின்று பழகிய சனம் நாம். பேங்கில் வயிறு எரிவதற்குக் காரணம் வேறு. நமக்குப் பின்னால் வந்த ஒருவர் வரிசையைத் திரும்பியும் பார்க்காமல் நேரே மனேஜரின் அறைக்குள் போவார். கண்ணாடிக்கு அப்பால் அவருக்குத் தேநீர் வரும். பியூன் அவருடைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் பின்புறமாக வருவார். நம்முடைய முறை வரும்போது காசாளர் அந்தப் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். போனவர் கடைத்தெருவில் பெரிய வியாபாரியாக இருக்கலாம், அரசாங்க அதிகாரியாக இருக்கலாம், மனேஜரோடு ஒன்றாகப் படித்தவராக இருக்கலாம். ஆக, வேகமாக வேலை செய்ய இந்த பேங்குகளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியத்துக்குத்தான் தெரியாத ஆள் 'நாளைக்கு வாங்க' என்பதைக் கேட்டுவிட்டுப் போகிறான்.

நம்முடைய ஊர்களின் அமைப்பும் இதற்குத் துணை போகிறது. அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் நம்முடைய பிள்ளைதான். யாரோ ஒருவருடைய மருமகன், பள்ளிவாசல் நிருவாகசபையில் இருப்பவரின் தம்பி, நாம் படிப்பித்த மாணவன். அவர் மேல் முறைப்பாடு எழுதினால் அது அன்று அஸருக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். 'அந்தப் புள்ளைட தொழில்ல கை வைச்சிட்டான்' என்ற பேச்சு வரும். கல்யாண வீட்டில் ஒரே சகனில் உட்கார வேண்டிய ஆட்களோடு எதற்கு வம்பு என்று சனம் வாயை மூடிக்கொள்கிறது. கொழும்பில் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் இந்த மௌனத்தைத் திருப்தி என்று கணக்கெழுதிக்கொள்கிறார்கள்.

ஆனால் தெரிந்த முகம் என்பது எல்லாருக்கும் பலன் தருவதில்லை. ஒருநாள் என் மாமியோடு ஒரு கிளைக்குப் போயிருந்தேன். மகன் அனுப்பிய காசை எடுக்கவேண்டும். கவுண்டரில் இருந்த பொடியன் மரியாதையான பிள்ளை. அடையாள அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான். கணினியையும் பார்த்தான்.

"உம்மா, பேரு ரெண்டும் ரெண்டு மாதிரிக் கிடக்கு."

"ரெண்டும் நான்தானே மகன்."

"அது எனக்குத் தெரியும் உம்மா. எங்கட வளவுக்குப் பக்கத்துலதானே நீங்க இரிக்கிங்க. சிஸ்டம் விடாது."

மனேஜரின் அறையில் தேநீர் குடிப்பவருக்குப் பலிக்கிற 'தெரியும்' மாமிக்குப் பலிக்கவில்லை. கிராம சேவகரின் கடிதம், சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி, பிறப்புச் சான்றிதழின் பிரதி என்று ஒரு பட்டியல் கையில் வந்தது. பட்டியலும் துண்டுக் கடதாசியில், பேனையால், தேதியோ ஒப்பமோ இல்லாமல். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபின் 'கொழும்பிலிருந்து பதில் வரணும்' என்றார்கள். எப்போது வரும் என்ற கேள்விக்கு அந்தக் கிளையில் யாரிடமும் விடை இல்லை.

இந்தப் பெயர்ப் பிரச்சினையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு மேற்கத்திய முறையில் குடும்பப் பெயர் கிடையாது. வாப்பாவின் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். முகம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு எம்மா இரண்டு எம்மா, நடுவில் ஏயா ஈயா என்பது எழுதுகிறவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. மூன்று மொழிகளிலும் பெயர் அச்சிட்ட புதிய அடையாள அட்டை 2017 ஒக்டோபரில்தான் வரத் தொடங்கியது. அதற்கு முந்திய பழைய அட்டையில் ஆங்கிலமே இல்லை. எனவே கணக்குத் திறந்த நாளில் பேங்க் உத்தியோகத்தர் தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர் அவருக்கு வாய்த்த எழுத்தில் எழுதினார். அரபு நாட்டில் பதிந்தவர் அரபியிலிருந்து திருப்பி மூன்றாவது விதமாக எழுதினார். இத்தனை பேரின் கைப்பிழையையும் நேர்செய்யும் செலவு, எழுபது வயது மனுசியின் தலையில். தவறில் பேங்குக்கும் பங்கிருக்கிறது என்ற எண்ணமே அங்கே யாருக்கும் எழுவதில்லை.

இதே காசுக்காக அரசாங்கம் வெளிநாட்டில் இருப்பவர்களைக் கெஞ்சிய காலமும் உண்டு. 2020 இல் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பிய பணம் 7.1 பில்லியன் டொலர். 2021 இல் அது 5.5 பில்லியனாகி, 2022 இல் 3.8 பில்லியனுக்கு விழுந்தது. டொலரை 200 ரூபாவுக்குப் பக்கத்தில் கட்டிவைத்திருந்ததும், வெளியில் அதற்கு மேல் விலை கிடைத்ததுமே முதன்மையான காரணம். ஆனால் பேங்குக்கு வெளியே காசு அனுப்பும் உண்டியலுக்கு இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. உண்டியல்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். படிவம் இல்லை, பெயரில் எழுத்துப் பிழை இல்லை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாங்க என்ற பேச்சு இல்லை. சட்டவிரோதம் என்று தெரிந்தே சனம் அதில் போனது. உண்டியலை நான் ஆதரிக்கவில்லை. காசு தொலைந்தால் கேட்க நாதியில்லாத வழி அது. ஆனாலும் ஒரு கள்ளத் தொழில் தன் வாடிக்கையாளரை நல்ல தொழிலைவிட மரியாதையாக நடத்தியதை யாரும் ஒரு பாடமாக எடுத்ததாகத் தெரியவில்லை. நாணய மாற்று விகிதம் சீரானதும் காசு பேங்குக்குத் திரும்பியது, 2024 இல் 6.6 பில்லியன் டொலர். கவுண்டர் மட்டும் பழைய கவுண்டர்தான்.

2023 இல் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். சமுர்த்தி உதவித் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. மிக வறிய நான்கு இலட்சம் குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபா, வறிய எட்டு இலட்சம் குடும்பங்களுக்கு 8,500, மற்ற இரண்டு வகுப்புகளுக்கு 5,000 உம் 2,500 உம் என்று மொத்தம் 20 இலட்சம் குடும்பங்களுக்குத் திட்டம் போட்டார்கள். காசு நேரே வங்கிக் கணக்கில் விழும் என்றார்கள். இடைத்தரகர் இல்லாமல் போவது நல்ல ஏற்பாடு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அத்தனை குடும்பங்களின் பெண்களும் சில வாரங்களுக்குள் அரச வங்கிகளில் கணக்குத் திறக்கவேண்டும் என்றபோது, அந்தக் கிளைகளுக்குக் கூடுதலாக ஆள் கொடுப்பதைப் பற்றி யாரும் யோசித்த மாதிரி இல்லை. நாட்டின் எல்லாப் பக்கத்திலும் பேங்க் வாசலில் கைக்குழந்தையோடு பெண்கள் நின்ற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பிரதேச செயலகம் பேங்கைக் கைகாட்டும், பேங்க் பிரதேச செயலகத்தைக் கைகாட்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று பழசுகள் சொல்வது இதைத்தான்.

இனி, வீட்டுக்கு வருகிற கடிதங்கள். கடனுக்கான நினைவூட்டல் ஆங்கிலத்தில் வருகிறது, சில வேளை சிங்களத்தில். வட்டி வீதம் கூடிய செய்தி, கட்டணம் மாறிய செய்தி, கணக்கு செயலற்றுப் போகப்போகிறது என்ற செய்தி எல்லாம் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வரும்வரை அலமாரிக்குமேல் கிடக்கும். பத்து வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கின் காசு சட்டப்படி மத்திய வங்கிக்கு மாற்றப்படும் என்பது வெளிநாட்டில் வேலை செய்து திரும்பிய எத்தனை பெண்களுக்குத் தெரியும்? உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும்தான். கேட்கவேண்டும் என்று அவருக்கு விளங்கும் மொழியில் யாராவது சொன்னால்தானே கேட்பார். 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த வருடம் 16 ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்றது. அரச வங்கி ஒரு பொது நிறுவனம். ஆகவே அக்கரைப்பற்றுக்காரருக்கு அது தமிழில் எழுதுவதை யாரும் சலுகையாகக் கணக்கிடக் கூடாது. தனியார் வங்கியும் தப்பிவிட முடியாது. வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் நிபந்தனைகளைச் சொல்லவேண்டும் என்பதில் மத்திய வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரே பேச்சுத்தான் பேசுகிறது. வட்டியில்லா வங்கிமுறைக்கு 2005 ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் கதவு திறந்தபோது நம்முடைய ஊர்களில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. முறாபஹா, முழாறபா என்ற பெயர்கள் வந்தன. ஒப்பமிடச் சொல்லி நீட்டுகிற ஒப்பந்தத்தின் ஆங்கிலம் மட்டும் ஹறாமா ஹலாலா என்று தெரியாமல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. நிதித்துறைக்கென்று ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரி 2003 முதல் இருக்கிறார். வாடிக்கையாளர் பட்டயத்தை 2011 இல் மத்திய வங்கி பணிப்புரையாக வெளியிட்டது. 2020 ஓகஸ்டில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தைத் தொடங்கியது. அதன் இலக்கம் 1935. 2023 ஓகஸ்டில் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. அரச வங்கிகளிடம் 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேள்வி கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும். நம்முடைய பகுதி மனிதருக்கு இவற்றில் ஒன்றாவது தெரியுமா என்று கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். கிளைச் சுவரில் சட்டம்போட்டு மாட்டிய பட்டயம் பார்த்திருக்கிறேன். அதை வாசிக்க வேண்டுமானால் பாதுகாப்பு உத்தியோகத்தரை எழுப்பி அவருடைய கதிரைமேல் ஏறவேண்டும்.

இந்த ஏற்பாடுகளில் எனக்கு ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. கடன் தவணை ஒருநாள் பிந்தினால் தண்ட வட்டி ஓடத் தொடங்கும். கணக்கில் குறைந்தபட்ச மீதி இல்லாமல் போனால் கட்டணம் வெட்டுவார்கள். காசோலை திரும்பினால் அதற்கும் கட்டணம். வாடிக்கையாளரின் ஒவ்வொரு பிந்தலுக்கும் ரூபாவிலும் சதத்திலும் விலை எழுதி வைத்திருக்கிறார்கள், அதைக் கணினியே பிடித்துக்கொள்ளும், மனேஜரின் அனுமதிகூட வேண்டியதில்லை. பேங்க் பிந்தினால்? ஏ.டி.எம். காசு தராமல் கணக்கில் மட்டும் வெட்டிவிட்டால், மௌத்தானவரின் கணக்கை வாரிசுகளுக்கு விடுவிக்க மாதக்கணக்கில் இழுத்தால், அடகு நகையை மீட்கப் போன நாளில் 'சாவி வைத்திருப்பவர் லீவு' என்றால், அதற்கு ஒரு சதமும் வாடிக்கையாளரின் கையில் தானாக வந்து சேர்ந்ததை நான் எந்தக் கவுண்டரிலும் பார்த்ததில்லை. முறைப்பாடு செய்யலாம், விசாரிப்பார்கள், கடைசியில் நம்முடைய சொந்தக் காசு திரும்ப வரும். அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு வருவோம்.

இந்திய ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு எளிய வழி கண்டது. 2019 செப்டெம்பரில் அது வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஏ.டி.எம். காசு தராமல் கணக்கில் வெட்டியிருந்தால் ஐந்து நாட்களுக்குள் வங்கி அதைத் திருப்பிப் போட்டுவிட வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டும், அவர் முறைப்பாடு எழுதும்வரை காத்திருக்கவும் கூடாது. இறந்தவரின் கணக்குக்கு, உரிய ஆவணங்கள் கிடைத்ததிலிருந்து 15 நாள் என்ற கெடு வைத்து, தாமதித்தால் நட்டஈடு என்பதையும் 2025 இல் விதியாக்கினார்கள். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டுக் கிளைகளில் இந்தி மட்டுமே தெரிந்த உத்தியோகத்தரோடு மல்லுக்கட்டும் கதை அந்தப் பக்கத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறதுதான். ஆனால் நூறு ரூபாய் என்ற அந்தச் சின்னத் தொகையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரு நாள் தாமதித்தால் அது ஒரு இலட்சம். பிறகு தலைமை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவரே சிஸ்டத்தைத் திருத்தச் சொல்லித் துரத்துவார். வாடிக்கையாளர் கத்தவேண்டியதில்லை, மனேஜரைத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

பெரிய நாடுகளில் பேங்குகள் ஒழுங்காக நடக்கின்றன என்று நினைப்பவர்களுக்கு டி.எஸ்.பி. வங்கியின் கதையைச் சொல்லலாம். பிரித்தானியாவின் கடைத்தெருக்களில் கிளைகள் வைத்திருந்த வங்கி. 2018 ஏப்ரலில் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதுக்கு மாறியபோது எல்லாம் குழம்பி, 19 இலட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குகளுக்குள் போக முடியாமல் தவித்தார்கள். சீராக மாதங்கள் எடுத்தன. 'சிஸ்டம் டவுன்' என்ற நம்முடைய பழைய வசனம்தான், கொஞ்சம் பெரிய அளவில். ஆனால் அங்கே கதை அதோடு முடியவில்லை. வங்கி வாடிக்கையாளர்களுக்கு 3 கோடி 27 இலட்சம் பவுண் ஈடு செலுத்தியது. 2022 டிசெம்பரில் ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் 4 கோடி 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தன. அடுத்த வருடம், குழப்பம் நடந்தபோது தகவல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாயிருந்த மேலதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண் தண்டம். கவுண்டரில் இருந்த பொடியனுக்கல்ல, மேலே முடிவெடுத்தவருக்கு என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஏனென்றால் நம்முடைய கோபம் எப்போதும் அந்தப் பொடியன் மீதுதான் பாய்கிறது. அவன் நிலை பரிதாபம். பின்னேரம் கணக்கு முடிக்கும்போது காசு குறைந்தால் அவன் தன் கையிலிருந்து போடவேண்டும். வரிசையில் நிற்பவரின் வேலையை முடிப்பதற்கு அவனுக்குப் பாராட்டில்லை, கடன் அட்டை, காப்புறுதி, சிறுவர் கணக்கு என்று இலக்கு கொடுத்திருக்கிறார்கள், அதற்குத்தான் பதவி உயர்வு. ஏழெட்டுப் பேர் இருக்கவேண்டிய கிளையில் இருவர் பயிற்சிக்குப் போயிருப்பார்கள், ஒருவர் இடமாற்றம் பெற்றிருப்பார், பதிலுக்கு ஆள் வந்திருக்காது. 'சிரித்த முகத்தோடு வரவேற்பது எப்படி' என்று ஹோட்டலில் வைத்து அவனுக்கு வகுப்பெடுக்கிறார்கள். சிரித்த முகத்தோடு 'நாளைக்கு வாங்க' என்று சொல்லப் பழகிவிட்டான், அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே கேட்கவேண்டியது சிரிப்பையல்ல. முதலாவதாக, பேங்க் ஒரு காரியத்தைத் தள்ளிப்போடும்போது தேதியும் முத்திரையும் போட்ட ஒரு துண்டு தமிழில் தரவேண்டும்: என்ன வேண்டுமென்று கேட்டோம், எப்போது கேட்டோம், எந்த நாளுக்குள் முடிப்போம். வாய்ப்பேச்சில் போகும்வரை எந்த ஒம்புட்ஸ்மனுக்கும் எதையும் நிரூபிக்க முடியாது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, நாமே கேட்டு வாங்கலாம். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இரண்டாவதாக, அந்த நாள் தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு ரூபா என்று மத்திய வங்கி ஒரு தொகையை எழுதவேண்டும். ஐம்பது ரூபாவாயிருந்தாலும் போதும், கணினி தானாகக் கணக்கில் போடவேண்டும் என்பதுதான் முக்கியம். தண்ட வட்டியை வெட்டத் தெரிந்த கணினிக்கு இதுவும் முடியும்.

அப்படி விதி வந்தபிறகும் அதைக் கேட்டு நியாயம் பெற ஒரு வாசல் பக்கத்தில் இருக்கவேண்டும். கிழக்கு மாகாணத்தில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையில் இருக்கிறது. பொத்துவிலில் இருந்தோ திருக்கோவிலில் இருந்தோ ஒரு விவசாயி தன் கடன் கணக்கில் பிழை இருக்கிறது என்று சொல்ல அங்கே போய்வருவதென்றால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போய்விடும், பிழை அதைவிடக் குறைவான தொகையாக இருந்தால் போகவே மாட்டார். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ பிரதேச செயலகத்தில் ஒரு மேசை போட்டு, ஓய்வூதிய வாரம் முடிந்த பின் மாதத்தில் ஒருநாள் மத்திய வங்கி உத்தியோகத்தர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கட்டும், வருகிறவர் தமிழில் எழுதிய முறைப்பாட்டைத் தமிழிலேயே வாசிக்கக்கூடியவராக இருக்கட்டும். இரண்டு பிரதேச செயலாளர்களும் மாநகர சபைகளும் இதைக் கடிதத்தில் கேட்க எந்த வரவுசெலவுத் திட்டமும் தடையில்லை.